செம்மண்டலத்தில் ஒரு வீடு, தவளக்குப்பத்தில் ஒரு வீடு: குடித்தனக்காரரைக் காலி செய்ய வைப்பதை நானே பார்த்துக்கொள்ளலாமா?

செம்மண்டலம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலத்துக்குப் பிறகு இரண்டு வீடுகள் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. ஒன்று கடலூர் செம்மண்டலம். கீழே நாங்கள் இருக்கிறோம், மாடி வாடகைக்கு. இன்னொன்று புதுச்சேரி எல்லைக்குள், தவளக்குப்பத்தில். இரண்டிலும் சேர்ந்தாற்போல் தகராறு.

மாடி: வாடகை 9,000. ஐந்து மாதமாக வரவில்லை. 50,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். பதினொரு மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் போட்டோம். அது முடிந்து போன வருஷமே காலாவதி. புதிதாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் "அப்புறம் பார்க்கலாம் சார்" என்கிறார்.

தவளக்குப்பம்: இங்கே பாக்கி கிடையாது. மாதா மாதம் ரொக்கமாகத் தந்துவிடுவார், நோட்டில் எழுதிக்கொள்வோம். ஒப்பந்தம் எதுவும் இல்லை, அப்பா வாய்ப்பேச்சில் விட்டது. இப்போது என் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அரியாங்குப்பத்தில் வேலை, அந்த வீட்டில்தான் குடிவைக்க நினைக்கிறோம். கேட்டால், "பதினைந்து வருஷமா இருக்கேன், திடீர்னு போன்னா எங்க போறது" என்கிறார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, அதைப் போடாதே, தானாகப் போய்விடுவார்கள் என்று. எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஆனால் வக்கீல் வைத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற பயமும் இருக்கிறது. நோட்டீஸ், மனு எல்லாம் நானே செய்ய முடியுமா? இரண்டு வீட்டுக்கும் ஒரே வழிதானா?

கெடிலக்கரை:
சார், உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஓய்வூதியம் இல்லாதவர், மாடி வாடகையை நம்பித்தான் மாத்திரை மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். குடித்தனக்காரர் இரண்டு வருஷம் ஒரு பைசா தரவில்லை. பெரியவர் கேஸ் போட்டார். வாய்தா வாய்தா என்று போய், தீர்ப்பு வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சொந்த வீட்டில் சொந்தக்காரனுக்கு உரிமை இல்லையென்றால் என்ன சட்டம் அது? ஒரு பூட்டைப் போடுங்கள், பேச்சுக்குத் தானாக வருவார்.

பழைய கோர்ட் எழுத்தர்:
கெடிலக்கரை அவர்களே, அந்தப் பெரியவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் பூட்டு போடுவது அதற்கு மருந்து இல்லை. செம்மண்டலம் சார், தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாடகை வழக்குக் கட்டுகளைக் கையில் தூக்கித் தூக்கியே காலம் போனது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. ஒரே வழி இல்லை. செம்மண்டலம் கடலூர் மாநகராட்சிக்குள் வருகிறது. அங்கே 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் அது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். தவளக்குப்பத்துக்கு இது செல்லாது. அங்கே 1969-ஆம் ஆண்டின் பாண்டிச்சேரி கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இடையில் பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் மனு போடும் இடம், சொல்ல வேண்டிய காரணம், கேட்கிற கேள்வி எல்லாமே வேறு.

மோட்டார் விஷயம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் எல்லாம் அதில் அடங்கும். சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள் இருப்பதால் அது உங்கள் விருப்பம் ஆகிவிடாது. மாடிக்காரர் வாடகை அதிகாரியிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால், முதலில் தண்ணீரை விடச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும், அப்புறம்தான் விசாரணை. ஐந்து மாத பாக்கியோடு நியாயம் கேட்டுப் போகிறவர் நீங்கள். தண்ணீரை நிறுத்திவிட்டால் நியாயம் கேட்டு வருகிறவர் அவராகிவிடுவார்.

பூட்டு போடுவது இன்னும் மோசம். 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆவது பிரிவு தெரியுமா? சட்ட வழியில் இல்லாமல் ஒருவரை இடத்தைவிட்டு வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. யார் அனுபவத்தில் இருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார், அவ்வளவுதான் பார்ப்பார்கள். நீங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கட்டோடு கொண்டுபோய் வைத்தாலும் பயன் இல்லை.

மிச்சத்தை ராத்திரி எழுதுகிறேன். உங்கள் அட்வான்ஸ் தொகையைப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது.

சிப்காட் ஷிப்ட்:
நான் வாடகைக்கு இருப்பவன். ஒரு தடவை ராத்திரி ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வந்து பார்த்தால் கதவில் என் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. உள்ளே என் மனைவியின் சுகர் மாத்திரை, பையனின் ஹால் டிக்கெட், குக்கரில் முந்தின நாள் சாதம். இரண்டு மாத பாக்கி இருந்தது உண்மை, சம்பளம் தள்ளிப்போனது உண்மை, வீட்டுக்காரரிடம் சொல்லியும் இருந்தேன். காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்றார்கள். பையன் பள்ளிச் சட்டை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு அம்மா வீட்டுக்காரருக்கு போன் போட்டு 6-ஆவது பிரிவைச் சொன்னதும் மதியமே பூட்டு திறந்தது. பாக்கியை இரண்டு தவணையாக நான் கட்டினேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. யாரோ தைரியம் கொடுத்திருக்கிறார்கள். கெடிலக்கரை அண்ணே, உங்களைப் போல ஒருவர்.

கெடிலக்கரை:
தம்பி, பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிற வீட்டில் பூட்டு போடச் சொல்லி நான் எழுதவில்லை. நான் சொன்னது வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் பூட்டு ஒன்றுதான் என்பது சரி. அதை ஏற்றுக்கொள்கிறேன். வழக்கு வருஷக்கணக்கில் இழுப்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழைய கோர்ட் எழுத்தர்:
சொல்கிறேன். முதலில் அட்வான்ஸ்.

//50,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம்//

வாடகை 9,000. ஐந்து மாத பாக்கி 45,000. உங்கள் கையில் இருப்பது 50,000. மாடிக்காரர் நீதிமன்றத்தில் எழுந்து, "என் பணம் அவரிடம் இருக்கிறது, அதில் கழித்துக்கொண்டால் பாக்கியே இல்லை" என்று சொல்வார். பழைய 1960 சட்டத்தில் இது உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு மாத வாடகைக்கு மேல் வீட்டுக்காரர் வைத்திருக்கும் அட்வான்ஸைப் பாக்கியில் கழிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்த விஷயம். புதிய சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகையை அட்வான்ஸுக்கு அளவாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அது 27,000. மேலே உள்ள 23,000-க்கு என்ன பதில் என்பதை மனு போடுவதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

அதனால் பாக்கி என்ற ஒரு காரணத்தை மட்டும் நம்பாதீர்கள். 21-ஆவது பிரிவில் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி ஒன்று. அதிலும், நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தை வைத்துக் காலி செய்யச் சொல்ல முடியாது. எழுத்து ஒப்பந்தத்துக்கு வராமல் இருப்பது இன்னொரு காரணம். "அப்புறம் பார்க்கலாம் சார்" என்று அவர் சொன்னதாக எழுதினீர்களே, உங்களுக்கு உண்மையில் வலுவான இடம் அதுதான். அதை வாட்ஸ்அப்பிலாவது கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கே போவது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வாடகை அதிகாரி என்பவர் வேறு, வாடகை நீதிமன்றம் வேறு. அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, தண்ணீர் மின்சாரப் புகார் எல்லாம் அவரிடம். காலி செய்ய வைக்கும் மனு அவரிடம் போகாது, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆர்.எல்.டி.ஓ.பி. என்று எண் போடுவார்கள். அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம்.

நீங்களே மனு போடலாமா? போடலாம். நேரில் ஆஜராகி வழக்கு நடத்த உங்களுக்கு உரிமை உண்டு. இந்த நீதிமன்றம் உரிமையியல் வழக்கு முறைச் சட்டத்தை வரிக்கு வரி பின்பற்ற வேண்டியதும் இல்லை. கெடிலக்கரை கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பழைய வழக்குகள் இழுத்ததற்குப் பாதிக் காரணம் நோட்டீஸ் உரியவர் கையில் போய்ச் சேராதது, முகவரி தப்பு, ஒப்பந்த நகல் இல்லாதது, மனுதாரரே வராமல் விட்டது. கட்டுகளைத் திறந்து பார்த்தவன் சொல்கிறேன், முதல் ஆறு மாதம் அப்படித்தான் போகும். தாள்களைச் சுத்தமாக வைத்திருப்பவர் வழக்கு வேகமாக நகரும். குறுக்கு விசாரணை என்று வரும்போது மட்டும் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சொந்தமாகச் சமாளிக்கப் பார்த்துப் பலர் வழுக்கியிருக்கிறார்கள்.

பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள் என்பதும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தப் பதிவுக்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. இனி யாருக்கு விட்டாலும் முதல் மாதமே அதில் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
எழுத்தர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. பாண்டிச்சேரிப் பக்கத்தை நான் சொல்கிறேன். இங்கே வக்கீலாக இருக்கிறேன், வாடகை வழக்குகள் நிறைய நடத்துகிறேன்.

தம்பி, தவளக்குப்பம் வீட்டுக்கு உங்களிடம் ஒப்பந்தம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். எங்கள் 1969 சட்டத்தில் வாய்மொழி வாடகைக்கும் இடம் உண்டு. வாடகை வாங்கிய நோட்டு இருக்கிறதே, அதுவே சாட்சி. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டத்தின் மனப்போக்கே வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது இங்கே காலி செய்யச் சொல்வதற்குக் காரணமே கிடையாது. காலம் முடிந்தாலும் அவர் சட்டப்படி வாடகைதாரராகவே தொடர்வார். சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே வாடகை தராமல் இருப்பது, கேட்காமல் உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது, சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுவது. "வேண்டுமென்றே" என்ற சொல்லைச் சுற்றியே பாதி வழக்கு ஓடும். உங்களுக்கு அது தேவையில்லை. உங்களுக்கு உரியது கடைசிக் காரணம்.

சொந்தத் தேவையில் நீதிபதி பார்ப்பது, அது நிஜமான தேவையா, சாக்கா என்பதை. கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளையின் வேலைச் சான்று, அந்த ஊரில் உங்களுக்கு வேறு வீடு இல்லை என்பது, இதையெல்லாம் வையுங்கள். செம்மண்டலத்தில் வீடு இருப்பதை மறைக்காதீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதல் நாளே அதைக் கொண்டுவந்து வைப்பார், மறைத்தது தெரிந்தால் உங்கள் பேச்சு எடுபடாது. எங்கள் ஊரில் இந்த மனுவுக்கு எச்.ஆர்.சி.ஓ.பி. என்று பெயர். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தொடங்கும். அப்புறம் மேல்முறையீட்டு அதிகாரம், அப்புறம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சீராய்வு.

வழக்கு நடக்கும்போது குடியிருப்பவர் வாடகையைக் கட்டிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்து வாதாடும் உரிமையே போய்விடும். இது வீட்டுக்காரருக்கு நல்ல பாதுகாப்பு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

இன்னொன்று. வாடகையைத் தருகிறார், வாங்க மாட்டேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். கோபத்தில் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். வாங்குங்கள், ரசீது கொடுங்கள். வாங்காமல் விட்டால் பாக்கி உங்களால் வந்தது ஆகிவிடும்.

முள்ளோடை எல்லை:
நான் பெரிய அளவில் எழுதத் தெரியாதவன். எங்கள் வீடு முள்ளோடை தாண்டி, ரெட்டிச்சாவடிப் பக்கம். கடலூர் மாவட்டம்தான், ஆனால் ஊராட்சி. எங்களுக்கு எந்தச் சட்டம்?

பழைய கோர்ட் எழுத்தர்:
நல்ல கேள்வி. 2017 சட்டம் நகர்ப்புறத்துக்கு, அதாவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற இடங்களுக்கு. கிராம ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்தான். மாத வாடகை என்றால் 106-ஆவது பிரிவின்படி பதினைந்து நாள் நோட்டீஸ், அப்புறம் உரிமையியல் நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. காரணம் நிரூபிக்கும் சுமை அங்கே குறைவு, ஆனால் வழக்கு முறை முழுவதும் உரிமையியல் முறை.

ஆக கடலூர் ஆல்பேட்டையில் ஒன்று, ஊராட்சியான ரெட்டிச்சாவடியில் ஒன்று, புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடையில் ஒன்று. ஒரே சாலையில் மூன்று முறை. எதைச் செய்வதற்கு முன்னாலும் வீட்டு வரி ரசீதை எடுத்து, எந்த உள்ளாட்சி என்று பாருங்கள். கோயில் இடம், மடத்து இடம் என்றால் அதற்கு விதி இன்னும் வேறு, இங்கே பேசுவது அதற்குப் பொருந்தாது.

வில்லியனூர் பாரிஸ்:
பிரான்சிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், தம்பி பார்த்துக்கொள்கிறான். இங்கே நான் வாடகைக்கு இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். இங்கே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலத்தில், நீதிமன்ற உத்தரவே இருந்தாலும் பொதுவாக யாரையும் வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர் தானே வெளியேற்றினால் மூன்று வருஷம் சிறை, 30,000 யூரோ அபராதம் வரை போகும். நீதிமன்ற அலுவலர் வந்துதான் செய்ய வேண்டும். ஊரில் உள்ளவர்கள் "பிரான்சில் எல்லாம் கறாராக இருப்பார்கள்" என்று நினைக்கிறார்கள். கறார்தான், ஆனால் அந்தக் கறார் வீட்டுக்காரர்மேலும் இருக்கிறது.

அக்காவிடம் ஒரு கேள்வி. என் பெயரில் இருக்கும் வீட்டுக்குத் தம்பி மனு போடலாமா?

லாஸ்பேட்டை அக்கா:
போடலாம், அதிகாரப் பத்திரம் வேண்டும். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்று வாங்கி அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் "வீட்டைப் பராமரிக்க" என்று மட்டும் எழுதினால் போதாது. வழக்குத் தொடுக்க, சாட்சி சொல்ல, நோட்டீஸ் அனுப்ப என்று தனித்தனியாக எழுதுங்கள். ஆனால் சொந்தத் தேவை என்று மனு போட்டால் அந்தத் தேவை யாருக்கோ அவர் கூண்டில் ஏற வேண்டிவரும். தம்பி உங்கள் மனத்தில் இருப்பதைச் சாட்சி சொல்ல முடியாது. ஒரு லீவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

போக்கியக்காரர் மகள்:
எல்லாரும் மாத வாடகையையே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் போக்கியம். எங்கள் அம்மா முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் மொத்தப் பணம் கொடுத்துவிட்டு இருக்கிறார், மாத வாடகை கிடையாது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகன் தொழிலில் போட்டுவிட்டார். இப்போது "காலி செய்யுங்கள், பணத்தை அப்புறம் தருகிறேன்" என்கிறார். போன வாரம் ஃப்யூஸ் கேரியரை உருவிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு எழுபது வயது. ராத்திரி முழுவதும் வாசற்படியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

லாஸ்பேட்டை அக்கா:
அம்மா, முதலில் மின்சாரம். நாளைக்கே மின்துறையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கு ரசீது வாங்குங்கள். "சிவில் மேட்டர்" என்று சொன்னாலும், வயதான ஒருவர் வீட்டில் மின்சாரத்தை உருவிக்கொண்டு போவது வெறும் சிவில் மேட்டர் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் அவசரத் தடையாணையும் கேட்கலாம்.

அப்புறம் பத்திரம். போக்கியம் என்று வாயால் சொன்னாலும், பதிவு செய்த பத்திரமா, வெறும் முத்திரைத்தாளா என்பதைப் பொறுத்தே எல்லாம். பதிவு செய்த அடமானம் என்றால் பணத்தைத் திருப்பித் தராமல் அவர் வீட்டைக் கேட்கவே முடியாது. பதிவு இல்லையென்றால் அடமானம் என்று நிற்காது. ஆனாலும் அம்மா அங்கே குடியிருப்பதும் பணம் கொடுத்ததும் உண்மை. பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பெயர், கதவு எண் மறைத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நேரில் வந்தால் பணம் வாங்க மாட்டேன்.

எங்கள் ஊரில் இதுதான் ஓயாத பிரச்சினை. வாங்கிய பணம் செலவாகிவிடுகிறது, இருக்கிறவரைத் துரத்தினால் கடன் தீர்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். அடுத்த ஆளிடம் போக்கியம் வாங்கி முந்தைய ஆளுக்குக் கொடுப்பதுதான் நடைமுறை. அடுத்த ஆள் கிடைக்காதபோதுதான் ஃப்யூஸில் கை வைக்கிறார்கள்.

கெடிலக்கரை:
இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் முதலியார்பேட்டையில் இருக்கிறார்.

தேவனாம்பட்டினம் ரோடு:
2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் எங்கள் வாடகை வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. சுவர் ஊறி, கழிவறைக் கதவு பெயர்ந்து, ஸ்விட்ச் போர்டில் கை வைத்தால் ஷாக். வீட்டுக்காரர் சரிசெய்யவில்லை. நான் வாடகையை நிறுத்தினேன். இப்போது பாக்கி என்று நோட்டீஸ். நானும் ஏமாற்றுகிறவன் கணக்கில் வருவேனா?

பழைய கோர்ட் எழுத்தர்:
ஏமாற்றுகிறவர் என்று உங்களை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வாடகையை முழுவதும் நிறுத்தியது உங்களுக்குத்தான் ஆபத்து. ரிப்பேர் செய்யச் சொல்லி எழுதியும் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், நீங்களே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. பில் இருக்க வேண்டும், படம் இருக்க வேண்டும், முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும். நோட்டீஸ் வந்து ஒரு மாதம் ஆகவில்லையென்றால், பாக்கியை இப்போதே கட்டிவிடுங்கள். அப்புறம் ரிப்பேர் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். அந்த ஒரு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

வண்டிப்பாளையம்:
குடித்தனக்காரர் பொருளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டால்? போன் எடுப்பதில்லை. உள்ளே பீரோ, கட்டில், ஒரு தையல் மெஷின் தெரிகிறது. பூட்டை உடைக்கலாமா?

பழைய கோர்ட் எழுத்தர்:
உடைக்காதீர்கள். ஆள் இல்லை என்றாலும் வீடு இன்னும் அவர் அனுபவத்தில்தான் இருக்கிறது. உடைத்த மறுநாள் வந்து, பீரோவில் பத்து பவுன் இருந்தது என்றால் உங்களிடம் என்ன பதில்? மனு போடுங்கள். அவருடைய சொந்த ஊர் முகவரிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். வரவில்லையென்றால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். அதை நிறைவேற்று மனுவாகப் போட்டால் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து பூட்டைத் திறப்பார், தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு. சாமான் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பட்டியல்தான் உங்களுக்குக் காப்பு.

செம்மண்டலம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மோட்டாரைப் பற்றி வீட்டில் இனி யாரும் பேச மாட்டார்கள், எழுத்தர் ஐயா எழுதியதை அப்படியே என் மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன்.

தவளக்குப்பத்துக்குப் போய்ப் பேசினேன். மகள் கல்யாணம் என்று பத்திரிகையை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய பேத்தி அங்கே பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம், பரீட்சை முடியும்வரை கேட்கிறார். கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஓரிரு மாதம் அவர்கள் எங்களோடு இருந்துகொள்ளலாம். இதை எழுதி வாங்க வேண்டுமா?

மாடிக்கு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"தாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் உள்ள எனது வீட்டின் மாடிப் பகுதியில் மாதம் ரூ. 9,000 வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். கடந்த ஐந்து மாதங்களாக வாடகை செலுத்தவில்லை. உடனே பாக்கியைச் செலுத்தி வீட்டைக் காலி செய்யாவிட்டால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

பழைய கோர்ட் எழுத்தர்:
"கடும் நடவடிக்கை" என்பதை எடுத்துவிடுங்கள். அது மிரட்டலாகப் படிக்கப்படும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எந்தெந்த மாதங்களுக்கு வாடகை வரவில்லை என்பது கீழே. தங்கள் முன்பணம் ரூ. 50,000 என்னிடம் உள்ளது. அதில் மூன்று மாத வாடகையான ரூ. 27,000 போக மீதி ரூ. 23,000-ஐ பாக்கியில் வரவு வைத்துள்ளேன். எஞ்சிய பாக்கி ரூ. 22,000-ஐ இந்த நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் செலுத்தவும். ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. புதிய எழுத்து ஒப்பந்தத்துக்கு இத்துடன் வரைவு இணைத்துள்ளேன். அதே காலத்துக்குள் கையெழுத்திடவோ, வீட்டை ஒப்படைக்கவோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் வாடகை நீதிமன்றத்தை அணுகுவேன்."

உங்கள் வரைவில் அட்வான்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை நீங்களே முதலில் எடுத்து வைத்துவிட்டால் அவருக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. 22,000-மும் இரண்டு மாத வாடகைக்கு மேல்தான், அதனால் காரணம் நிற்கும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், பதிவுத் தபாலை இப்போது அதோடு சேர்த்துவிட்டார்கள். அதே நாளில் வாட்ஸ்அப்பிலும் ஒரு படம். உறையை வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
தவளக்குப்பத்துக்கு: கட்டாயம் எழுதி வாங்குங்கள், ஆனால் அவரை மடக்குகிற மாதிரி இல்லாமல். எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பார், அதுவரை அதே வாடகை, அட்வான்ஸ் இருந்தால் சாவி வாங்கும்போதே திருப்பித் தருவீர்கள், இவ்வளவு போதும். இரண்டு பேரும் கையெழுத்து, இரண்டு சாட்சி, அவருக்கும் ஒரு நகல். அவர் சொன்ன தேதியில் ஒப்படைக்காவிட்டால் அந்தத் தாளை மட்டும் வைத்து வெளியேற்ற முடியாது, மனு போடத்தான் வேண்டும். ஆனால் உங்கள் தேவை நிஜமானது என்று அவரே ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சியாக இருக்கும். சாவி வாங்கும் அன்று மின்துறை மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிப்காட் ஷிப்ட்:
பத்தாம் வகுப்புப் பரீட்சைவரை விட்டதற்கு நன்றி சார். மாடிக்காரர் இரண்டு தவணை கேட்டால் அதையும் யோசியுங்கள். பலருக்கு மொத்தமாக 22,000 புரட்டுவதுதான் கஷ்டம்.

செம்மண்டலம்வாசி:
நோட்டீஸ் இன்று காலை மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில் போட்டாயிற்று. தவணை கேட்டால் கொடுப்பேன், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அதோடு வந்தாக வேண்டும். போக்கியக்காரர் மகள், அம்மா வீட்டுக்கு மின்சாரம் வந்ததா?

போக்கியக்காரர் மகள்:
வந்துவிட்டது. மின்துறையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேசினார்கள், கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். பத்திரத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். பதிவு செய்ததுதான். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறோம்.